மாணவ ரபி – 6: பண்டிகைக்கு எனக்கும் ஓர் ஊர் கொடுங்கள்

சென்ற வாரம் ரே பிராங்க்கை ஸ்போகேன் நகரத்து ஆப்பரா ஹவுஸ் மேடையில் நிற்கவைத்துவிட்டு வந்தோம். 1890 செப்டம்பர். அமெரிக்காவின் வடமேற்கு மூலை. யூதர்களுக்குச் சூரியன் மறையும்போதே அடுத்த நாள் பிறந்துவிடும். அன்று மாலை பிறக்கவிருந்தது அவர்களுடைய புத்தாண்டு, ரோஷ் ஹஷானா. ஊரில் யூதக் குடும்பங்கள் இருந்தன. ஆலயம் இல்லை, ரபியும் இல்லை. கலிபோர்னியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண் பத்திரிகையாளரிடம், வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்தால் நீங்கள் பேசுவீர்களா என்று கேட்டார்கள். அவர் ஒப்புக்கொண்டார். யூதர்களும் கிறிஸ்தவர்களுமாக அரங்கம் நிறைந்தது. பழைய வழியா, சீர்திருத்த வழியா என்ற சண்டையை மூட்டை கட்டி வையுங்கள், முதலில் உங்களுக்கென்று ஒரு சபையை உண்டாக்குங்கள் என்றார் ரே பிராங்க்.

அந்த ஒரு மாலை அவரை நாடறிந்த பேச்சாளராக்கியது. 1893-ல் சின்சினாட்டி நகரத்து ஹீப்ரூ யூனியன் கல்லூரிக்கே வந்து வகுப்பில் உட்கார்ந்தார். ஆனால் பாடம் கேட்டாரே தவிர, பட்டம் கேட்கவில்லை. பின்னர் திருமணமாகி, மேடையிலிருந்து மெல்ல விலகிக்கொண்டார்.

அதே கல்லூரியில், 28 ஆண்டு கழித்து, இன்னொரு பெண் வாய் திறந்தார். அவருக்கு வயது ஏறக்குறைய பதினேழு. பட்டத்தைக்கூட அவர் கேட்கவில்லை. கூடப் படிக்கும் பையன்களுக்குக் கொடுப்பதைப்போல, பண்டிகைக்கு ஒரு சிற்றூரை எனக்கும் ஒதுக்குங்கள் என்றார். அவ்வளவுதான்.

இவ்வளவு சின்னக் கோரிக்கை ஒரு கல்லூரியையும் ஒரு நாட்டின் ரபிகள் மாநாட்டையும் ஏன் உலுக்கவேண்டும்? அதற்கு, அந்தப் பையன்களுக்குக் கிடைத்தது என்ன என்பது நமக்குத் தெரிந்தாகவேண்டும். ஆகவே, வாசகர்களே, சின்சினாட்டியிலிருந்து கிளம்பும் வெள்ளிக்கிழமை ரயிலில் நாமும் ஏறிக்கொள்வோம்.

*

எந்த ஆண்டு என்பது முக்கியமில்லை. இருபது சொச்சம் வயதுள்ள ஒரு மாணவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். மடியில் பெட்டி. உள்ளே ஒரு கறுப்பு அங்கி, பிரார்த்தனைப் புத்தகம், அடித்துத் திருத்திய பிரசங்கத் தாள்கள். அவன் இன்னும் ரபி இல்லை. பட்டம் வாங்க இரண்டோ மூன்றோ ஆண்டு பாக்கி. ஆனால் ரயில் நின்றதும், நிலையத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு காத்திருக்கும் கடைக்காரர், தன் மகன் வயதுள்ள அவனை 'ரபி' என்றே அழைப்பார்.

அவனுக்கு விடுதி கிடையாது. சபையார் ஒருவர் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை. மாலை வழிபாடு, பிரசங்கம். மறுநாள் காலை மறுபடி வழிபாடு. இடையில், பதின்மூன்று வயதாகப்போகும் ஒரு பையனுக்குத் தோரா என்ற வேதத்தை வாசிக்கச் சொல்லிக்கொடுக்கவேண்டும். மருத்துவமனையில் படுத்திருக்கும் மூதாட்டியைப் பார்க்கவேண்டும். ஞாயிறு காலை பிள்ளைகளுக்கு வகுப்பு. எல்லா வயதும் ஒரே அறையில். மாலை ரயிலைப் பிடித்தால்தான் திங்கள்கிழமை தல்மூத் என்ற சட்டநூல் பாடத்துக்குப் போய்ச் சேரலாம். சில ஊர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சிலவற்றுக்கு மாதம் ஒருமுறை, மிகச் சின்ன ஊர்களுக்கு வருடத்தில் பெரும் பண்டிகைகளுக்கு மட்டும். ரோஷ் ஹஷானாவும் அதற்குப் பத்தாம் நாள் வரும் யோம் கிப்பூர் என்ற பாவமன்னிப்பு நோன்பும்தான் அந்தப் பெரும் பண்டிகைகள். வருடம் முழுக்கக் கோயில் பக்கம் வராதவர்கள்கூட அன்று வருவார்கள். அன்றைக்குப் பீடத்தில் ஆள் இல்லையென்றால் அந்த ஊர்க்காரர்களுக்கு வருடமே பிறக்காத மாதிரி.

இப்படிப்பட்ட ஆலயங்களில் உங்கள் கண்ணில் கட்டாயம் படக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். சுவரில் ஒரு பெரிய பலகை. அதில் வரிசை வரிசையாகச் சின்னப் பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றிலும் இறந்துபோன ஒருவரின் பெயர், இறந்த நாள். பக்கத்தில் கடலை அளவுக்கு ஒரு மின்விளக்கு. இறந்த திதி வரும் வாரத்தில் அந்தப் பெயருக்குரிய விளக்கு மட்டும் எரியும். வழிபாட்டின் முடிவில் மாணவ ரபி அந்தப் பெயர்களை வாசிக்க, உறவுக்காரர்கள் எழுந்து நின்று கடிஷ் என்ற துதியைச் சொல்வார்கள். மாணவனுக்கு அந்தப் பெயர்களுக்குரிய முகங்கள் ஒன்றும் தெரியாது. நேற்று இரவு வந்து இறங்கியவன். ஆனால் ஒரு பெயரைத் தப்பாக உச்சரித்துவிட்டால் மூன்றாவது வரிசையில் நிற்கும் மகளின் முகம் வாடிப்போகும். ஆகவே வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போதே, வீட்டுக்காரரிடம் ஒவ்வொரு பெயரையும் கேட்டுச் சொல்லிப்பார்த்துக்கொள்ளவேண்டும். எந்தக் கல்லூரியிலும் இதற்குப் பாடத்திட்டம் இல்லை. அந்தச் சாப்பாட்டு மேசைதான் பள்ளிக்கூடம்.

இந்த ஊர்கள் எப்படி வந்தன என்பதை இரண்டாம் அத்தியாயத்தில் விரிவாகப் பார்த்தோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மன் மொழி பேசும் நாடுகளிலிருந்து வந்த இளைஞர்கள், முதுகில் துணிமூட்டையைச் சுமந்து வீடு வீடாக விற்றார்கள். பிறகு ஒரு கழுதை, ஒரு வண்டி. அப்புறம் ஆற்றங்கரை ஊரிலோ ரயில் சந்திப்பிலோ ஒரு ஜவுளிக்கடை. ஊரில் முதலாவது மரணம் நடந்ததும் இடுகாட்டுக்கு இடம் வேண்டும். பல ஊர்களில் யூதர்கள் கூட்டாக வாங்கிய முதல் சொத்து இடுகாட்டு நிலம்தான். ஆலயம் பிறகுதான் வந்தது. ரபிக்குச் சம்பளம் கொடுக்கும் நாள் பெரும்பாலான ஊர்களுக்கு வரவே இல்லை.

ஐசக் மேயர் வைஸுக்கு இது தெரிந்திருந்தது. பொஹீமியாவில் பிறந்து 1846-ல் அமெரிக்கா வந்தவர், 1854 முதல் சின்சினாட்டியில் ரபி. ரயிலேறி ஊர் ஊராகப் போய்ச் சபைகளைத் தொடங்கிவைத்தவர். ஐரோப்பாவிலிருந்து ரபிகளை வரவழைத்துக்கொண்டே இருக்கமுடியாது, இங்கேயே உருவாக்கவேண்டும் என்று இருபது ஆண்டு மன்றாடி, 1873-ல் சபைகளின் ஒன்றியத்தையும், 1875-ல் ஓர் ஆலயத்தின் அடித்தளத்து அறையில் கல்லூரியையும் தொடங்கினார். 1883-ல் முதல் நான்கு பேர் பட்டம் பெற்றார்கள். அன்று இரவு நடந்த விருந்தில் விலக்கப்பட்ட உணவு பரிமாறப்பட்டு எழுந்த புயலைச் சொல்லித்தான் நாலாம் அத்தியாயத்தை முடித்தோம்.

ஒன்றைக் கவனியுங்கள். யூத மரபில் வழிபாட்டை நடத்த ரபி கட்டாயம் இல்லை. ஓதத் தெரிந்த சபையார் ஒருவரே முன்னே நின்று நடத்தலாம். ரபி என்றால் ஆசான், சட்டம் சொல்பவர்; பூசாரி அல்ல. அப்படியானால் சிற்றூர்க்காரர்கள் தாங்களே நடத்திக்கொண்டிருக்கலாமே? நடத்தினார்கள்; பெரும்பாலான வாரங்களில் அப்படித்தான் நடத்தினார்கள். ஆனாலும் கல்லூரியில் படித்த ஒருவன் வந்து நின்றால், நாம் மறக்கப்படவில்லை, எங்கோ ஒரு பெரிய சமூகத்தின் நுனியில் நாமும் ஒட்டிக்கொண்டிருக்கிறோம் என்ற தைரியம் வரும். அந்தத் தைரியத்துக்காகத்தான் சேர்த்துவைத்த காசைக் கொடுத்து ரயில் டிக்கெட் அனுப்பினார்கள்.

நான் இந்தத் தொடரை எழுதத் துணிந்ததும் அந்தச் சிற்றூர்க்காரர்களுக்காகவே. கல்லூரித் தலைவர்களின் படங்கள் கூடத்தில் தொங்குகின்றன. ஆனால் அவர்களில் பலர் முதல் பிரசங்கத்தை ஏதோ ஓர் ஊரின் முப்பது பேருக்கு முன்னால் தடுமாறிச் செய்தவர்கள். அந்த முப்பது பேரும் பொறுமையாகக் கேட்டார்கள். முடிந்ததும், நன்றாக இருந்தது ரபி, கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் பலகாரம் வைத்து அனுப்பினார்கள். ரபிகளை உருவாக்கியதில் அவர்களுக்குப் பாதிப் பங்கு உண்டு. அவர்களுடைய பெயர் எந்தப் பட்டச் சான்றிதழிலும் இல்லை.

சரி. இப்போது தெரிகிறதல்லவா, அந்த ரயில் டிக்கெட்டின் பொருள்? பண்டிகைக்கு ஊர் ஒதுக்கப்படுகிறது என்றால், பட்டம் வருவதற்கு முன்பே 'இவர் ரபி ஆகப்போகிறவர்' என்று கல்லூரி ஊரறியச் சொல்லிவிட்டது என்று பொருள்.

அந்த டிக்கெட்டைத்தான் அந்தப் பதினேழு வயது மார்த்தா கேட்டார்.

*

மார்த்தா நியூமார்க் 1904-ல் பெர்லினில் பிறந்தவர். தந்தை டேவிட் நியூமார்க் யூதத் தத்துவத்தில் பேரறிஞர். 1907-ல் ஹீப்ரூ யூனியன் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தார். மகள் அங்கேயே வளர்ந்தார், பதினான்கு வயதில் அங்கேயே மாணவியானார். பெண்கள் அந்த வகுப்புகளில் உட்காருவது புதிதல்ல. தொடக்க நாளிலிருந்தே அங்கொருவர் இங்கொருவராக வந்திருக்கிறார்கள். வந்தவர்கள் படித்துவிட்டுப் பேசாமல் போனதால் யாருக்கும் தொந்தரவு இருக்கவில்லை.

1921-ல் மார்த்தா பண்டிகைப் பணி கேட்டு மனுக் கொடுத்தார். கல்லூரி சார்ந்திருந்த சீர்திருத்த யூதம் ஆணும் பெண்ணும் சமம் என்று பேசிப் பழகிய இயக்கம். குடும்பமாகச் சேர்ந்து உட்கார்ந்து வழிபடும் ஆலயங்கள் அவர்களுடையவை. அவர்களுடைய சொல்லையே எடுத்து அவர்களுக்கு முன்னால் வைத்துவிட்டார் அந்தப் பெண். வேண்டாம் என்று சொல்லக் கொள்கை இடம் தரவில்லை. சரி என்று சொல்ல மனம் இடம் தரவில்லை. ஆசிரியர் குழுவுக்குள் கருத்து பிளந்தது. இவரை ஊருக்கு அனுப்பினால் நாளை பட்டமும் கொடுக்கவேண்டி வருமே என்ற கேள்வி நிர்வாகக் குழுவின் மேசைக்குப் போயிற்று. அங்கிருந்து நாட்டின் சீர்திருத்த ரபிகள் கூடும் மத்திய மாநாட்டுக்கு.

1922-ன் மாநாடு நியூஜெர்சி கடற்கரை ஊரான கேப் மேயில் நடந்தது. பெண் ரபி ஆகலாமா? இதற்கு மரபுச் சட்டம் என்ன சொல்கிறது என்று விடையெழுதும் பொறுப்பு பேராசிரியர் ஜேக்கப் லாட்டர்பாக்கிடம் இருந்தது. அவருடைய புலமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவர் சொன்ன விடை: கூடாது. மரபில் இடமில்லை, இதுவரை எவரும் செய்ததில்லை. நாம் செய்தால் உலகத்தின் மற்ற யூதர்களிடமிருந்து நம்மைப் பிரித்துக்கொண்டவர்களாவோம். ஒரு பெண்ணால் குடும்பத்தையும் இந்த முழுநேரப் பணியையும் ஒருசேரக் கட்டிக்காக்க இயலாது.

எழுந்து மறுத்தவர்களில் ஒருவர் டேவிட் நியூமார்க். நினைத்துப்பாருங்கள். ஒரே கல்லூரியின் இரண்டு பேராசிரியர்கள். தினம் ஒரே தாழ்வாரத்தில் சந்தித்துக்கொள்பவர்கள். ஒருவர் மரபு நூல்களைக் காட்டி இயலாது என்கிறார். மற்றவர் அதே மரபு நூல்களைக் காட்டி இயலும் என்கிறார். இடையில் நிற்பது ஒருவருக்கு மாணவி, மற்றவருக்கு மகள்.

விவாதம் சூடுபிடித்தது. வழக்கத்துக்கு மாறாக, பார்வையாளர்களாக வந்திருந்த பெண்களையும் பேச அழைத்தார்கள். முடிவில் வாக்கெடுப்பு. பெரும்பான்மை ரபிகள் லாட்டர்பாக்கின் பக்கம் நிற்கவில்லை. ரபிப் பட்டம் பெறும் உரிமையைப் பெண்களுக்கு மறுப்பது நியாயமாகாது என்று மாநாடு தீர்மானம் நிறைவேற்றிவிட்டது!

மார்த்தா வென்றுவிட்டாரா?

மாநாடு சொல்லலாம். பட்டத்தைக் கொடுக்கவேண்டியது கல்லூரி. கல்லூரியின் சாவி நிர்வாகக் குழுவிடம். அந்தக் குழுவில் பெரும்பாலோர் ரபிகள் அல்லர். வணிகர்களும் வழக்கறிஞர்களுமான பிரமுகர்கள். 1923-ல் அவர்கள் கூடினார்கள். நடைமுறையில் மாற்றம் தேவையில்லை, பட்டம் ஆண்களுக்கே என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

ஏழரை ஆண்டு படித்த மார்த்தாவுக்குக் கடைசியில் கிடைத்தது, சமயப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் என்ற தகுதிச் சான்று. அந்தச் சான்றைப் பெற்ற முதல் பெண் அவர்தான். தோல்வியை அவர் மறைக்கவில்லை. நடந்ததைப் பத்திரிகையில் எழுதிவைத்தார். அதனால்தான் நமக்கு இந்தக் கதை கிடைக்கிறது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 1923-ன் முடிவு கொள்கை சார்ந்ததல்ல, பயம் சார்ந்தது. ஊர்கள் ஏற்காது என்று அந்தக் கனவான்கள் நினைத்தார்கள். எந்த ஊரையும் கேட்டுப்பார்க்கவில்லை. கேட்டிருந்தால்?

அதற்கு விடை 27 ஆண்டு கழித்து, யாரும் எதிர்பாராத மிசிசிப்பி மாநிலத்திலிருந்து வந்தது.

*

மெரிடியன், மிசிசிப்பி. பருத்தியும் ரயில் சந்திப்பும் வளர்த்த ஊர். அங்கே பெத் இஸ்ரேல் என்ற சபை. ரபி வில்லியம் ஆக்கர்மன் 1924 முதல் அவர்களுக்குக் குரு. மனைவி பாலா பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பார். கணவருக்கு உடம்புக்கு முடியாத நாட்களில் வழிபாட்டையும் நடத்திவைப்பார். 1950 நவம்பர் இறுதியில் ரபி காலமானார்.

சபை என்ன செய்யும்? வேறு ரபியைத் தேடவேண்டும். சின்ன ஊருக்கு யார் வருவார்? மாணவ ரபியை வரவழைக்கலாம்; சின்சினாட்டி தூரம். சபையார் கூடிப் பேசினார்கள். பிறகு துக்க வீட்டுக்கு வந்து பாலாவிடம் கேட்டார்கள்: 'அவர் இடத்தில் நீங்களே நில்லுங்கள், அம்மா.'

கேட்டவர்கள் புரட்சிக்காரர்கள் அல்லர். அமெரிக்காவின் மிகவும் கட்டுப்பெட்டியான மாநிலங்களில் ஒன்றில் கடை வைத்துப் பிழைத்தவர்கள். அவர்களுக்குப் பெண் உரிமை பற்றிய தீர்மானம் எதுவும் தெரிந்திருக்கவேண்டியதில்லை. தங்கள் பிள்ளைகளுக்கு ஓதக் கற்றுக்கொடுத்தவர், தங்கள் வீட்டுச் சாவுக்கு வந்து நின்றவர், தங்கள் சுவரில் உள்ள அத்தனை பெயர்களையும் பிழையில்லாமல் சொல்லத் தெரிந்தவர் பாலா என்பது தெரியும். அது போதும் என்று நினைத்தார்கள்.

சபைகளின் ஒன்றியத் தலைவர் மோரிஸ் ஐசன்ட்ராத் முதலில் சம்மதம் தந்தார். பிறகு மற்றவர்கள் சொன்னதைக் கேட்டு, சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மெரிடியன் சபையோ பின்வாங்கவில்லை. 1951 ஜனவரியில் பாலா ஆக்கர்மன் பீடமேறினார். பிரசங்கம் செய்தார், திருமணம் நடத்திவைத்தார், இறந்தவர்களை அடக்கம் செய்தார். 1953 இலையுதிர்காலத்தில் புதிய ரபி கிடைக்கும்வரை, ஏறக்குறைய மூன்று ஆண்டு. பட்டம் இல்லை, அவர் கேட்கவும் இல்லை. ஊர் ஏற்காது என்ற 1923-ன் வாதத்தை ஓர் ஊர் பொய்யாக்கிவிட்டது.

ஆனால் கல்லூரியின் கதவு அப்படியேதான் இருந்தது. அதைத் தட்டப்போகும் சிறுமிக்கு அப்போது வயது ஐந்துகூட நிறையவில்லை. கிளீவ்லாண்டில் இருந்தாள்.

*

சாலி ப்ரீசாண்ட் 1946-ல் பிறந்தவர். பதினாறு வயதில் ரபி ஆவது என்று முடிவெடுத்துக் கல்லூரிக்குக் கடிதம் போட்டார். பெண்ணுக்கு இந்தப் பணியில் என்ன வாய்ப்பு இருக்கும் என்று எங்களால் சொல்ல இயலாது என்ற பொருளில் பதில் வந்தது. அவர் 1964-ல் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அதன் கூட்டுப் படிப்பு வழியே ஹீப்ரூ யூனியன் கல்லூரிக்குள் நுழைந்தார். 1968-ல் பட்டப்படிப்பு முடிந்தது. ரபிப் படிப்பு முறையாகத் தொடங்கியது. கூடப் படித்தவர்களில் பலர், கல்யாணம் செய்துகொள்ளத்தான் வந்திருக்கிறாள் என்று பேசினார்கள்.

இந்த முறை கல்லூரித் தலைவர் நெல்சன் க்ளூக். தொல்லியல் ஆய்வாளர், பாலஸ்தீனப் பாலைவனங்களில் கால்நடையாய் அலைந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட பழைய குடியிருப்புகளைக் கண்டெடுத்தவர். சாலிக்குப் பட்டம் கொடுப்பது என்று அவர் மனதுக்குள் தீர்மானித்துவிட்டார். மனம் மட்டும் போதாது. ஊருக்கு அனுப்பவேண்டும். மார்த்தாவுக்குக் கிடைக்காத அந்த டிக்கெட்டைக் கொடுக்கவேண்டும்.

கொடுத்தார்கள். முதலில் இல்லினாய் மாநிலத்தின் ஷாம்பெய்ன். அடுத்து, 1969-ல், அவருக்குக் கிடைத்த ஊர் ஹேட்டிஸ்பர்க்.

ஹேட்டிஸ்பர்க் எங்கே இருக்கிறது? மிசிசிப்பியில். பாலா பீடமேறிய மெரிடியனுக்குத் தெற்கே, காரில் போனால் இரண்டு மணி நேரத்துக்குள். ஆனால் 1951-ன் மிசிசிப்பி வேறு, 1969-ன் மிசிசிப்பி வேறு. கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் பாடுபட்ட வெர்னன் டாமரின் வீடு 1966 ஜனவரியில் ஹேட்டிஸ்பர்க் அருகே கொளுத்தப்பட்டு, அந்தக் காயத்தில் அவர் இறந்தார். 1967 செப்டம்பரில் மாநிலத் தலைநகர் ஜாக்ஸனின் யூத ஆலயத்தில் குண்டு வெடித்தது. இரண்டு மாதத்தில் அந்த ஆலயத்து ரபியின் வீட்டிலும் வெடித்தது. 1968 மே மாதம் மெரிடியனின் பெத் இஸ்ரேல் ஆலயம். ஆம், பாலாவின் சபைதான். எல்லாம் கூ க்ளக்ஸ் கிளான் கும்பலின் கைவரிசை. ஹேட்டிஸ்பர்க்கின் ப்னாய் இஸ்ரேல் சபையில் பல ஆண்டு ரபியாக இருந்து, நிறவெறியை வெளிப்படையாக எதிர்த்த சார்ல்ஸ் மான்டின்பாண்ட் 1963-லேயே ஊரைவிட்டுப் போயிருந்தார்.

அந்த ஊருக்குத்தான், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, 23 வயதுப் பெண் ஒருத்தி ரபியின் அங்கியை மடித்து வைத்துக்கொண்டு வருகிறார். ஓர் ஆண்டு வந்துபோனார். அடுத்த ஆண்டு மிச்சிகன் மாநிலத்து ஜாக்ஸன். கடைசி ஆண்டு சின்சினாட்டியிலேயே, வைஸ் கட்டியெழுப்பிய ஆலயத்தில் பயிற்சி. மூன்று மாநிலங்களின் மூன்று சிறு சபைகள், பெண் ஒருவர் முன்னே நிற்க வழிபட்டு, அவர் வாயால் தங்கள் இறந்தோரின் பெயர்களைக் கேட்டுவிட்டன. மாநாட்டுத் தீர்மானத்தால் ஆகாத காரியம் இப்படி நடந்தது. எனக்கு இந்த வரலாறு முழுவதிலும் பிடித்த இடம் இதுதான்.

அந்தச் சமயம் பார்த்து, 1971 பிப்ரவரியில், நெல்சன் க்ளூக் இறந்துபோனார். சாலியின் படிப்பு முடிய ஓராண்டுக்கு மேல் பாக்கி. சாகுமுன் செய்துவிட ஆசைப்பட்ட மூன்று காரியங்களில் சாலிக்குப் பட்டம் அளிப்பதும் ஒன்று என்று க்ளூக் தன்னிடம் சொன்னதாக அவர் மனைவி ஹெலன் பின்னால் சொன்னார். புதிய தலைவர் ஆல்ஃபிரட் காட்ஷாக். அவர் கையெழுத்திடுவாரா? 1923 திரும்ப வருமா?

1972 ஜூன் 3, சனிக்கிழமை. 1866-ல் வைஸ் திறந்துவைத்த பிளம் ஸ்ட்ரீட் ஆலயம். பெயர்கள் ஒவ்வொன்றாக அழைக்கப்பட்டன. சாலியின் முறை வந்தது. அவர் தோராச் சுருள்கள் இருக்கும் பேழையின் முன்னால் போய் நின்றார். காட்ஷாக் அவருக்குப் பட்டம் அளித்தார். அந்தக் கணம், கூடப் படித்த 35 ஆண்களும் யாரும் சொல்லாமலே எழுந்து நின்றார்கள்.

அமெரிக்காவில் ஒரு கல்லூரி பட்டம் அளித்த முதல் பெண் ரபி. சில சபைகள் அவரை நேர்காணலுக்கே அழைக்க மறுத்திருந்தன, வேறு சில விளம்பரத்துக்காக அழைத்தன. அதெல்லாம் கடந்து அவர் நியூயார்க்கில் உதவி ரபியாகப் பணியேற்றார். 1981 முதல் 2006 வரை நியூஜெர்சியின் டின்டன் ஃபால்ஸ் ஊரில் ஒரே சபைக்குக் குருவாக இருந்து ஓய்வுபெற்றார்.

அவரை அனுப்பிய கல்லூரியின் கதை வேறு திசையில் போயிற்று. சிற்றூர்க் கடைகள் மூடின, பிள்ளைகள் பெருநகரங்களுக்குப் போனார்கள், சேர்க்கை குறைந்தது. 2022 ஏப்ரலில், சின்சினாட்டியில் தங்கிப் படிக்கும் ரபிப் படிப்பை 2026-க்குள் முடித்துக்கொள்வதென்று நிர்வாகக் குழு வாக்களித்தது. இனி எங்களுக்கு யார் வருவார் என்று ஓஹாயோ ஆற்றின் இரு கரையிலும் உள்ள சிறு சபைகள் கேட்டன. அந்தக் கேள்விக்குத் தனி அத்தியாயம் வரும்.

அதற்கு முன்னால் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. சாலிதான் அமெரிக்காவில் முதல். உலகத்தில்?

1972-ல் பிளம் ஸ்ட்ரீட் ஆலயம் கைதட்டிக்கொண்டிருந்த அந்த வேளையில், கிழக்கு ஜெர்மனியின் ஓர் ஆவணக் காப்பகத்தில் ஒரு பெண்ணின் காகிதங்கள் கிடந்தன. அவர் 1942 நவம்பரில் நாஜிகள் தன்னைப் பிடித்துப்போகுமுன் ஒப்படைத்துவிட்டுப் போனவை. கடிதங்கள், பத்திரிகைத் துணுக்குகள், அங்கி அணிந்த ஒரு புகைப்படம், பெண் ரபியாக இருக்கலாமா என்று மரபுச் சட்டத்தை வரிவரியாக ஆராய்ந்த ஒரு கட்டுரை. ரபிகள் நாடு கடந்தும் கைதாகியும் போய்விட, குரு இல்லாமல் தவித்த ஜெர்மன் சிற்றூர்ச் சபைகளுக்கு அவரும் ரயிலேறிப் போய்ப் பிரசங்கம் செய்தவர். பெர்லின் சுவர் விழுந்து, 1991-ல் ஓர் ஆராய்ச்சியாளர் அந்தக் காகிதங்களைப் பிரித்தார். அவற்றில் ஒரு ரபிப் பட்டச் சான்றிதழும் இருந்தது.

தேதி: 1935 டிசம்பர் 27. பெயர்: ரெஜினா யோனாஸ்.

(தொடரும்)